ஊர் திரும்பும் முன் கோயிலில் முடிக்க வேண்டியவை: பலரும் செய்யும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து குவைத், கத்தார், துபாய் என்று போய்ப் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு, கார்கோ பெட்டியும் பிள்ளைகளின் டி.சி.யும் முதல் நாளே நினைவுக்கு வந்துவிடும். கோயில் மட்டும் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகும். கடைசி வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதரிடம் ஆசி வாங்கி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம் என்பது மகளின் புதுநன்மையிலோ (முதல் முறை நற்கருணை வாங்கும் நாள்) தம்பியின் கல்யாணத்திலோதான் தெரியவரும்.

வேலைக்கு ராஜினாமா கொடுத்த வாரமே கோயில் வேலையையும் தொடங்கிவிட வேண்டும். இரண்டு மாதம் கையில் இருந்தால் நிதானமாக முடியும்.

சான்றிதழ் இருந்தால் போதும் என்று நினைப்பது

அங்கே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற பிள்ளையின் பதிவு காலத்துக்கும் அந்தப் பங்கின் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோயில் வட்டாரம்) பதிவேட்டிலேயே இருக்கும். ஊருக்கு மாறி வராது. பிள்ளை பிறகு கிருஷ்ணகிரியில் உறுதிப்பூசுதல் பெற்றாலும், பக்கத்து எலத்தகிரியில் கல்யாணம் முடித்தாலும், அந்தத் தகவல் அங்கே போய் அதே பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். அதனால்தான் கல்யாணத்துக்கு ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) கொடுக்கும்போது, ஆறு மாதத்துக்குள் எடுத்த புதிய சான்றிதழைக் கேட்பது வழக்கம். இருபது வருடம் பத்திரமாக வைத்திருந்த பழைய சான்றிதழில் அந்த ஓரக்குறிப்பு இருக்காது. ஆகவே சான்றிதழோடு, பதிவேட்டின் ஆண்டு, பக்க எண், வரிசை எண், பங்கு அலுவலகத்தின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பின்னால் அதில் முத்திரை வைக்க முடியாது.

பெயரை அங்கேயே, அலுவலக மேசை முன் நின்று, எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியலால் வரும் தொல்லை பெரிது. பாஸ்போர்ட்டில் 'அருள் ஜோசப்' என்று அப்பா பெயர் பின்னால் நிற்கும், பதிவேட்டில் 'ஜே. அருள்' என்று இருக்கும், திருமுழுக்குப் பெயர் 'ஆரோக்கிய அருள்' என்று வேறாக இருக்கும். நீங்கள் அங்கே இருக்கும்போது பாஸ்போர்ட் நகலைக் காட்டித் திருத்தக் கேட்பது சுலபம். ஊருக்கு வந்த பிறகு என்றால் இங்குள்ள பங்குத்தந்தையின் கடிதம், அங்கிருந்து பதில், அதற்கு நினைவூட்டல் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

இன்னொரு குழப்பம் நம் மாவட்டங்களுக்கே உரியது. தருமபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதி) 1997இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல்தான் தருமபுரியிலிருந்து பிரிந்தது. 1990இல் எலத்தகிரியில் திருமுழுக்குப் பெற்றவரின் பழைய சான்றிதழில் சேலம் மறைமாவட்டம், தருமபுரி மாவட்டம் என்று இருக்கும். அதை அப்படியே அங்குள்ள பங்கின் படிவத்தில் எழுதினால் அங்கிருந்து வரும் கடிதம் ஊர் சுற்றும். பழைய பதிவேடு பங்கிலேயே இருப்பதால், பங்கின் பெயரோடு இன்றைய முகவரியை எழுதுங்கள்.

கல்யாணம் ஆகாதவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. பெண் பார்த்து, தேதி குறித்து, பத்திரிகையும் அடித்த பிறகு இங்குள்ள ஃபாதர் கேட்பார்: "எட்டு வருஷம் வெளியில இருந்தீங்களே, அங்கிருந்து தடையில்லாச் சான்று எங்கே?" திருமணத்துக்குத் தடை ஏதும் இல்லை என்று அந்தப் பங்கு கொடுக்கும் கடிதம் அது. அங்கேயும் ஓலை வாசிக்க வேண்டும் என்று சொன்னால் மூன்று ஞாயிறு போய்விடும். கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டதென்றால் கிளம்பும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

இதுவரை சொன்னது கத்தோலிக்கருக்கு. சி.எஸ்.ஐ., லூத்தரன் போன்ற புராட்டஸ்டன்ட் சபையார் சபை மாறுதல் கடிதம் வாங்க வேண்டும். திடப்படுத்தல் நாள், கடைசியாகச் சந்தா கட்டிய மாதம், குடும்பத்தில் திருவிருந்து எடுப்பவர்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கட்டும். ஊர்ச் சபையில் சந்தா பாக்கியால் பெயர் நீங்கியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே போனில் கேளுங்கள். கல்யாணம், கல்லறைத் தோட்ட இடம் என்று வரும்போது அந்தப் பெயர்தான் பேசும்.

பொறுப்பையும் பணத்தையும் பாதியில் விடுவது

பாடகர் குழுவிலோ மறைக்கல்வியிலோ அன்பியத்திலோ (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக் குழு) இருந்தவர் முதலில் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும், பிறகு அன்பியப் பொறுப்பாளரிடம், அதற்குப் பிறகுதான் வாட்ஸ்அப் குழுவில். வாட்ஸ்அப் வழியாகத் தெரிந்துகொள்ளும் ஃபாதருக்கு மாற்று ஆள் தேட நேரம் இருக்காது. கீபோர்டு வாசிப்பவர் கடைசி நான்கு வாரம் புதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, கடைசி இரண்டு வாரம் அவரையே வாசிக்கவிட்டுத் தான் பக்கத்தில் இருக்கட்டும். பாடல்களுக்கான சுருதியை எழுதிக் கொடுங்கள். பாடல் ஸ்லைடுகள் உங்கள் சொந்த ஜிமெயிலில் இருந்தால் கோயில் கணக்குக்கு மாற்றுங்கள். அந்த நாட்டு சிம் நின்றுவிட்டால் ஓ.டி.பி. வராது, பத்து வருட உழைப்பு பூட்டிக்கொண்டுவிடும்.

பெரிய மனவருத்தம் சீட்டுப் பணத்தில்தான் வருகிறது. பூசைக்கு வருபவர்களுக்குள் போடும் இருபது பேர் சீட்டில், ஐந்தாம் மாதம் எடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் மாதம் ஊருக்குக் கிளம்பினால், மீதி எட்டுத் தவணை யார் தலையில் விழும்? "ஊருக்குப் போய் அனுப்புகிறேன்" என்ற வார்த்தை பெரும்பாலும் இரண்டு தவணையோடு நின்றுவிடுகிறது. கடைசிச் சம்பளமும் பணிக்கொடையும் வரும் நாளிலேயே மீதித் தவணை மொத்தத்தையும் கட்டி, சீட்டு நடத்துபவரிடம் எழுதி வாங்குங்கள். கோயிலில் வாங்கிய கைமாற்று எவ்வளவு சின்னதானாலும் முடியுங்கள். ஒரே பீடத்தின் முன் முழந்தாளிட்டவர்களுக்கு இடையில் அந்தக் கடன் நிற்கக் கூடாது.

உங்களுக்குப் பரிசு வாங்க நண்பர்கள் குழுவில் பணம் கேட்டுப் பதிவு போடுவதாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அமீரகத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது சட்டப்படி குற்றம். அன்பின் பேரில் செய்ததுதான் என்று அங்கே விளக்கம் சொல்ல முடியாது.

விருந்தும் போட்டோவும்

குவைத், கத்தாரில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் விருந்தை அன்றைக்கே வைப்பார்கள். தவக்கால வெள்ளி இறைச்சி இல்லாத நாள் என்பது ஆர்டர் கொடுத்த பிறகுதான் ஞாபகம் வரும். ரமலான் மாதம் என்றால் இன்னும் கவனம்: குவைத்தில் நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவது தண்டனைக்குரியது. தேதி குறிக்கும் முன் இரண்டு காலண்டரையும் பாருங்கள்.

சவுதியில் இருந்தவர்களிடம் ஒன்றை மன்றாடியே கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே கோயில் கட்டடம் கிடையாது, ஜெபம் வீடுகளில்தான். உங்கள் விடைபெறும் ஜெபத்தின் போட்டோவை, பெயர் போட்டு, ஊருக்கு வந்த சந்தோஷத்தில் ஃபேஸ்புக்கில் ஏற்றாதீர்கள். நீங்கள் பெங்களூரு விமான நிலையம் தாண்டி ஓசூர் வந்துவிட்டீர்கள். படத்தில் இருக்கும் மற்றவர்கள் இன்னும் அந்த ஃப்ளாட்டில்தான் இருக்கிறார்கள்.

ஊரில் முதல் மாதம்

அங்கே ஆங்கிலத்தில் மறைக்கல்வி படித்த பிள்ளை இங்கே தமிழ்ப் பூசையில் வாய் மூடி நிற்கும். பக்கத்துப் பிள்ளைகள் பார்த்துச் சிரித்தால் அடுத்த ஞாயிறு வர மறுக்கும். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பிருந்தே இரவு ஜெபத்தைத் தமிழில் மாற்றி, 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே'யில் தொடங்கி விசுவாசப் பிரமாணம் வரை மனப்பாடம் ஆக்குங்கள். மறைக்கல்வியில் எந்த வகுப்பு முடித்தது என்ற கடிதமும் வேண்டும். இல்லாவிட்டால் புதுநன்மைக்கு ஒரு வருடம் பின்னால் போடக்கூடும்.

வந்த முதல் வாரமே மைக் செட்டு, சொரூபம் என்று பெரிய காணிக்கை அறிவிப்பதையும் தவிருங்கள். முதலில் குடும்பத்தோடு போய்ப் பங்குத்தந்தையைப் பார்த்து, விட்டுப்போன வருடங்களின் பங்கு வரியைக் கட்டி, குடும்பப் பதிவைப் புதுப்பித்து, கொண்டுவந்த கடிதங்களின் நகலைக் கொடுங்கள். மூலப் பிரதி உங்கள் பீரோவில் இருக்கட்டும்.