சண்டைக்கு நடுவில் நின்று பாடியவர்களை வாசிப்பது எப்படி

நான் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவன். இருபத்தாறு வருஷமாகத் திருச்சியில் இதே வேலைதான். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கருமாதிக் கடிதாசி, நடுநடுவே பரீட்சை கைடு. தமிழில் பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் உறையூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து புறநானூறு வாசிக்கிறோம். "பாட்டு புரியவே மாட்டேங்குதே, எப்படி வாசிக்கிறீங்க?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாப் பாட்டுக்கும் இந்த வழி செல்லாது. போர் மூண்டு நிற்கும்போது, கையில் ஆயுதம் இல்லாத ஓர் ஆள் வாயைத் திறந்து பேசுகிறாரே, அந்தப் பாட்டுகளுக்கு மட்டும்.

முதலில் புத்தகம். சந்தி பிரித்த பதிப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். உ.வே.சா. 1894-இல் பதிப்பித்ததன் வழிவந்த பழைய பதிப்புகளில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். புதிதாகப் படிக்கிறவருக்கு அங்கேயே மூச்சு முட்டிவிடும். நானூறு பாட்டு என்று பெயர் (267, 268 இரண்டும் கிடைக்கவில்லை). வரிசையாகப் போகவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நேரே 45-க்குப் போங்கள். ஒன்பதே வரி.

பாட்டைப் படிக்குமுன் அதன் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். யார், யாரை, எந்தச் சமயத்தில் பாடியது என்று அங்கே இருக்கும். பாடியவரே எழுதியதல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது என்பதுதான் பொதுவான கருத்து. இருந்தாலும் அது இல்லாவிட்டால் பாதிப் பாட்டு இருட்டு. 45-இன் குறிப்பு சொல்வது இது: சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகை போட்டு வெளியே நிற்கிறான், நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான், கோவூர் கிழார் பாடுகிறார்.

இதைப் படித்ததும் ஆட்களை இடத்தில் நிறுத்துங்கள். நிஜமாகவேதான் சொல்கிறேன். எங்கள் திண்ணையில் ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினேன், இன்னொருவரைக் கதவுக்கு உள்ளே. நான் நிலைப்படியில். இப்போது வாசியுங்கள்: "இரும்பனை வெண்தோடு மலைந்தோன் அல்லன், கருஞ்சினை வேம்பின் தெரியலோன் அல்லன்." எதிரே நிற்கிறவன் பனம்பூ சூடிய சேரன் இல்லை, வேப்பம்பூ சூடிய பாண்டியன் இல்லை. அடுத்து, "நின்ன கண்ணியும் ஆர்மிடைந் தன்றே, நின்னொடு பொருவோன் கண்ணியும் ஆர்மிடைந் தன்றே." உன் தலையில் இருப்பதும் சோழர் சூடும் ஆத்தி, உன்னோடு சண்டை போடுகிறவன் தலையில் இருப்பதும் ஆத்தி.

இங்கே மெய்ப்புப் பார்க்கிறவன் கண்ணோடு பாருங்கள். கருத்தை விட்டுவிட்டு விகுதியைப் பிடியுங்கள். "நின்ன" என்பது ஒருமை. இதுவரை ஒருவன் முகத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வரியில் "ஒருவீர் தோற்பினும்" என்கிறார். அதற்கடுத்து "இருவீர்". பன்மைக்கு மாறிவிட்டார். அந்த நொடியில் புலவர் தலையைத் திருப்பி உள்ளே இருக்கிறவனையும் பேச்சுக்குள் இழுத்துவிட்டார். நிலைப்படியில் நின்று சத்தமாக வாசித்தால் உங்கள் கழுத்து தானாகவே திரும்பும்.

உங்களில் ஒருவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான், இருவரும் ஜெயிப்பது நடக்கிற காரியம் இல்லை என்பது பொருள். "குடி" என்றதும் நான் பல வருஷம் குடிமக்கள் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். மக்களுக்காகப் புலவர் பரிந்து பேசுகிறார் என்று மேடையில்கூடக் கேட்டிருக்கிறேன். இந்தப் பாட்டில் குடி என்றால் பிறந்த குலம், சோழர் குடி. ஆத்திமாலையை அவர் இழுத்துப் பேசியது அதற்காகத்தான். பொதுவாக "சமாதானமாகப் போங்கள்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இரண்டு பேரும் காதில் வாங்கியிருக்கவும் மாட்டார்கள். எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்து குத்துகிறார். கடைசி வரி அதைவிடக் காரம்: உங்களைப் போன்ற மற்ற அரசர்களுக்கு உடம்பெல்லாம் பூரிக்கிற சந்தோஷத்தைத் தருகிறது இந்தச் சண்டை. "மெய்ம்மலி உவகை."

அன்றைக்கு நான் உள்ளே நிற்க வைத்தவர், கூடப்பிறந்த அண்ணன்மேல் பாகப்பிரிவினைக் கேஸ் நடத்திக்கொண்டிருக்கிறவர் என்பது எனக்குத் தெரியாது. எல்லாரும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அவரே சிரித்துவிட்டார்: "எங்க கேஸ்ல ரெண்டு வக்கீலுக்கும்தாங்க மெய்ம்மலி உவகை." நல்லவேளை. ஆகவே ஆட்களை நிறுத்துமுன் லேசாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாட்டால் போர் நின்றதா என்று கேட்பார்கள். பாட்டில் பதில் இல்லை. ஆனால் 47-இன் குறிப்பில் இந்த நெடுங்கிள்ளியைக் "காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி" என்றே எழுதியிருக்கிறது. துஞ்சிய என்றால் இறந்த. பெயரோடு சாவை ஒட்டி வைத்துவிட்டார்கள். இதை முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்; 45 முடிந்தபிறகு மெதுவாகக் காட்டுங்கள்.

அடுத்து, புகழ்ச்சி மாதிரி இருக்கும் சொல்லைச் சந்தேகப்படப் பழகவேண்டும். 95-இல் ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார். உன் வேல்கள் மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. "இவ்வே", "அவ்வே" என்ற இரண்டு சொல்லில் முழுப்பாட்டும் தொங்குகிறது. இவற்றை அழுத்திச் சொல்லுங்கள், போதும். 112-இல் பாரி மகளிர், தகப்பனும் போய் மலையும் போன பிறகு, அதை எடுத்துக்கொண்டவர்களை "வென்றெறி முரசின் வேந்தர்" என்கிறார்கள். வெற்றி முரசாம். பாரி என்ற ஒரே ஆளை மூவேந்தர் மூன்று பேரும் சூழ்ந்து நின்றும் வஞ்சித்துத்தான் கொல்ல முடிந்தது. பழைய உரைகாரரே இதை இகழ்ச்சி என்றுதான் எழுதுகிறார். ஐந்து வரிப் பாட்டு. இதை அழுது வாசிக்காதீர்கள். அந்தப் பெண்கள் அழவில்லை.

இனி 46. இதற்காகத்தான் மற்றதையெல்லாம் சொன்னேன்.

இந்தப் பாட்டுக்கு மட்டும் முதல் விதியை மாற்றிக்கொள்ளுங்கள். அடிக்குறிப்பை ஒரு துண்டுத் தாளால் மூடிவிட்டு, நிலைமையை மட்டும் வாயால் சொல்லுங்கள்: கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக்காலில் இடப்போகிறான். யானை வந்துவிட்டது. கோவூர் கிழார் பேசுகிறார்.

"நீயே" என்று தொடங்குகிறார். ஒரு புறாவின் துன்பத்தைத் தீர்த்தவனின் வழியில் வந்தவன் நீ. அப்புறம் "இவரே". இந்தப் பிள்ளைகள், அறிவை உழுது பிழைக்கும் புலவர்கள் பசியில் வாடக்கூடாது என்று தங்களுடையதைப் பகிர்ந்து உண்டவர்களின் குலம். அதற்கப்புறம் அந்த இரண்டு வரி:

"களிறுகண்டு அழூஉம் அழாஅல் மறந்த
புன்தலைச் சிறாஅர் மன்றுமருண்டு நோக்கி"

அழுதுகொண்டிருந்த குழந்தைகள் யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டன. எந்த ஊர்க் குழந்தையும் அப்படித்தானே. தங்களைக் கொல்ல வந்த யானை என்று அதுகளுக்குத் தெரியாது. யானையிலிருந்து கண்ணை எடுத்துச் சபையைப் பார்க்கும்போதுதான், இத்தனை புது முகங்களைக் கண்டு மிரள்கின்றன. அடுத்த வரியில் "விருந்தின் புன்கண்" என்று வரும். விருந்து என்றதும் இலை போடாதீர்கள். இங்கே அதற்குப் புதியது என்று பொருள். இதுவரை அறியாத புதிய துன்பம்.

இந்த வரிகளில் என் பாவம் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு சின்னப் புத்தகத்தின் மெய்ப்பில் இந்தப் பாட்டு வந்தது. "அழாஅல்", "சிறாஅர்" இரண்டிலும் நடுவில் தேவையில்லாமல் ஓர் "அ" விழுந்திருப்பதாக நினைத்துச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டது. நூலாசிரியர் வந்தார். திட்டவில்லை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் திருத்திய மாதிரி ஒருமுறை வாசித்தார், இருந்த மாதிரி ஒருமுறை வாசித்தார். "அழால்" என்றால் ஓர் அசை குறைந்து சீர் நொண்டுகிறது. "அழா...அல்" என்னும்போது குரல் இழுபட்டு, குழந்தை விசும்பி நிறுத்துகிற மாதிரியே கேட்டது. அளபெடை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததுதான். காதால் கேட்டது அன்றைக்குத்தான். ஆகவே "அழூஉம், அழாஅல், சிறாஅர்" மூன்றையும் அவசரப்படாமல் இழுத்து வாசியுங்கள். ராகம் தேவையில்லை. எழுத்து எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம்.

கடைசி வரியில் குரலை இறக்கிவிடுங்கள். "கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே." நான் சொன்னதைக் கேட்டாய் என்றால், இனி உனக்கு எது விருப்பமோ செய். கெஞ்சலும் இல்லை, சாபமும் இல்லை. எட்டு வரிதான். அவ்வளவு பேசிவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டார்.

வாசித்து முடித்ததும் யாரும் விளக்கம் சொல்லவேண்டாம், நீங்களும் சொல்லாதீர்கள். போன மாதம் இதை வாசித்தபோது தறி நெய்கிற பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கொஞ்ச நேரம் தாள் மூடியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்புறம் அந்தப் புள்ளைங்க என்னாச்சு தம்பி?"

புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி, தாளை எடுத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினார்: "பாடி... உய்யக்... கொண்டது."

"உய்யன்னா?"

"பொழச்சுட்டாங்கக்கா."