படபடப்பில் இருக்கும்போது முதல் பாட்டு மெதுவாக இருக்க வேண்டாம்

மனம் கொதித்துக்கொண்டிருப்பவரிடம் "அமைதியான பாட்டு எதையாவது கேளேன்" என்று சொல்லத்தான் எல்லோருக்கும் தோன்றும். மனநலப் பிரிவில் இசை சிகிச்சையாளராக இருக்கும் நான் அங்கிருந்து தொடங்குவதில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரத்தில் மெல்லிய புல்லாங்குழல் பலருக்கு எரிச்சலைத்தான் மூட்டுகிறது. நோயாளி இப்போது எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதற்கு ஒத்த இசையில் தொடங்கி, அதைச் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும் என்று 1940களிலேயே அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர் வலியுறுத்தினார். ஐசோ கொள்கை என்று நாங்கள் அழைப்பது இதைத்தான்.

வீட்டில் செய்ய ஐந்து பாடல்கள் போதும். மனம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் தேர்ந்தெடுத்து வைத்துவிடுங்கள். தவிப்பில் இருக்கும்போது எதையும் தேர்ந்தெடுக்க வராது. பாட்டை ஓடவிட்டு, தாளத்துக்கு ஏற்ப மேசையில் விரலால் தட்டுங்கள். 15 வினாடியில் எத்தனை தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 30 தட்டு வந்தால் நிமிடத்துக்கு 120. முதல் பாட்டு அந்த வேகத்தில் இருக்கட்டும். அடுத்தடுத்தவை 100, 85, 75 என்று இறங்கி, கடைசிப் பாட்டு 60க்குப் பக்கத்தில் முடியட்டும். கணக்கு அச்சுப் பிசகாமல் இருக்க வேண்டியதில்லை, இறங்குமுகமாக இருந்தால் போதும். கடைசியில் வைப்பது வெறும் வாத்திய இசையாக இருந்தால் நல்லது. சொற்கள் இருந்தால் மனம் அவற்றின் பின்னால் ஓடும்.

இன்ன ராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்ற பட்டியல்களை நான் நம்புவதில்லை. உங்களுக்குப் பழகிய, பிடித்த இசைதான் வேலை செய்யும். ஆனால் அதோடு ஒட்டியிருக்கும் நினைவையும் பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞர் கடைசி இடத்தில் அழகான வீணை இசை ஒன்றை வைத்திருந்தார். அது தொடங்கியதுமே, அதுவரை தளர்ந்திருந்த அவருடைய தோள்கள் காதை நோக்கி ஏறின. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியது. பிரிந்துபோன நண்பருடன் சேர்ந்து கேட்ட இசை அது. வேறொன்றை மாற்றி வைத்தோம். நீங்களும் தோள், தாடை, விரல்களைக் கவனியுங்கள். உடம்பு பொய் சொல்லாது.

பாடல்கள் முடிந்ததும் உடனே எழுந்துவிடாதீர்கள். இரண்டு நிமிடம் மௌனமாக இருங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். 2006இல் வெளியான பெர்னார்டி குழுவினரின் ஆய்வில், இசைக்கு நடுவே விட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் தொடக்க நிலையைவிடக் கீழே இறங்கின. அந்த மௌனத்துக்கு முன், கடைசிப் பாட்டோடு சேர்ந்து வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகவும் செய்யலாம். முனகும்போது மூச்சு நீண்டு வெளியேறும். மூச்சு வெளியேறும்போது இதயம் சற்று நிதானப்படும். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சோகப் பாட்டு கூடாதா என்று கேட்பார்கள். அழுது தீர்ந்து மனம் இலேசாகிறது என்றால் கேளுங்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு ஒரே வலியைக் கிளறுகிறீர்கள் என்றால் நிறுத்திவிடுங்கள். வித்தியாசம் தெரிய, கேட்பதற்கு முன்னும் பின்னும் மன அழுத்தத்துக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண் கொடுத்து நேரத்தோடு எழுதிவையுங்கள்.

இதெல்லாம் அன்றாட அழுத்தத்துக்கு. மனச்சோர்வுக்கு, வழக்கமான சிகிச்சையோடு பயிற்சி பெற்றவர் தரும் இசை சிகிச்சையும் சேரும்போது கூடுதல் பலன் கிடைக்கிறது என்று காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. சிகிச்சையோடு சேரும்போது என்பதைக் கவனியுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் பாட்டைத் தேடாதீர்கள். அருகில் இருப்பவரை எழுப்பி, உடனே மருத்துவ உதவிக்குச் செல்லுங்கள். மற்றபடி, எழுதிவைத்த எண்களை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த நேரத்தில் படபடப்பு ஏறுகிறது என்று அவர் அதைப் பார்த்தே கேள்வி கேட்பார்.