எண்டர் தட்டியதும் திணறும் ப்ராம்ப்ட்டை வேகமாக்குவது எப்படி?

தோவாளையில் பூக்கடை வைத்திருக்கும் மாமாவுக்காக, அன்றாடப் பூவிலையைக் காட்டும் சின்ன வலைப்பக்கம் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். பிச்சி, அரளி, சம்பங்கி என்று விலைச்சீட்டுகளைப் படமெடுத்து அனுப்புவார். தேதிக்கொரு ஃபோல்டர் போட்டு வைப்பேன். இரண்டு வருடத்தில் படங்கள் குவிந்துவிட்டன. அந்த ப்ராஜெக்ட்டின் ஃபைல்களில் நடக்கும் மாற்றங்களைக் கிட் (Git) என்ற மென்பொருளில் பதிந்து வருகிறேன். கட்டளை தட்டும் டெர்மினலில் எண்டர் தட்டினால், ப்ராம்ப்ட், அதாவது அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி, வர இரண்டு நொடி. பக்கத்தில் இருந்தவர், “என்ன மக்ளே, நெட்டு கிடைக்கலியா?” என்றார்.

நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ப்ராம்ப்ட்டில், வேலை நடக்கும் கிளையின் (பிராஞ்ச்) பெயரும் ஃபைல்கள் மாறியதைச் சொல்லும் குறிகளும் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு எண்டருக்கும் கிட் ஒருமுறை ஓடியாக வேண்டும். ஓடுவது உங்கள் டிஸ்க்கில்தான். அங்கே அதற்கு இரண்டு வேலை. தன் பட்டியலில் உள்ள ஃபைல்கள் மாறியிருக்கின்றனவா என்று, அளவையும் நேரத்தையும் வைத்துப் பார்க்கும். அப்புறம், பட்டியலில் இல்லாத அழையா விருந்தாளிகளைத் தேடி ஃபோல்டர் ஃபோல்டராக நுழையும். என்னைப் படுத்தியது இந்த இரண்டாவது வேலை.

(கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்.)

1. அளந்து பாருங்கள்

டைம் கிட் ஸ்டேட்டஸ்
டைம் கிட் ஸ்டேட்டஸ் -யுநோ

ஒவ்வொன்றையும் இரண்டு முறை ஓட்டி, இரண்டாவது நேரத்தை எடுங்கள். முதல் முறை டிஸ்க்கிலிருந்து படிப்பதால் கணக்கு தப்பும். ‘யுநோ’ (யு, என், ஓ என்ற மூன்று எழுத்து) போட்டால் விருந்தாளித் தேடல் நடக்காது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் உங்கள் நோயும் என் நோயும் ஒன்றே.

2. கிட்இக்னோரைத் திருத்துங்கள்

கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றை எழுதி வைக்கும் ஃபைல்தான் கிட்இக்னோர். நான் செய்த முட்டாள்தனம் இங்கேதான். ‘*.ஜேபிஜி’ என்று எழுதி வைத்திருந்தேன். படங்கள் விருந்தாளிக் கணக்கில் வராது, உண்மைதான். ஆனால் கிட் ஒவ்வொரு தேதி ஃபோல்டரையும் திறந்து, ஒவ்வொரு படத்தின் பெயரையும் இந்த விதியோடு ஒப்பிட்டுத்தான் ஒதுக்கும். அதை எடுத்துவிட்டு, மேல் ஃபோல்டரையே குறிக்கும்படி ‘படங்கள்/’ என்று எழுதினேன். இப்போது வாசலிலேயே திரும்பிவிடுகிறது, உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே கமிட் செய்த, அதாவது கிட்டில் பதிந்துவிட்ட, ஃபைல்களுக்கு மட்டும் இந்த விதி செல்லாது.

3. நினைவில் வைக்கச் சொல்லுங்கள்

கிட் கான்ஃபிக் கோர்.அன்ட்ராக்ட்கேஷ் ட்ரூ

ஃபோல்டரின் நேரம் மாறவில்லை என்றால் போன முறை கண்டதையே கிட் எடுத்துக்கொள்ளும். போட்டதும் கிட் ஸ்டேட்டஸை ஒருமுறை கையால் ஓட்டிவிடுங்கள். விண்டோஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு 2022-இல் வந்த 2.37 பதிப்பு முதல் ‘கோர்.எஃப்எஸ்மானிட்டர்’ என்ற வசதியும் உண்டு. மாறிய ஃபைல்களை அது பின்னணியில் குறித்து வைக்கும்.

4. ப்ராம்ப்ட்டின் ஆசையைக் குறையுங்கள்

கிட்டோடு வரும் ப்ராம்ப்ட் ஸ்கிரிப்ட்டைப் பயன்படுத்துகிறீர்களா? திணறும் ப்ராஜெக்ட்டுக்குள் போய்:

கிட் கான்ஃபிக் பாஷ்.ஷோஅன்ட்ராக்ட்ஃபைல்ஸ் ஃபால்ஸ்

மற்ற ப்ராஜெக்ட்டுகளில் குறி வழக்கம்போல் வரும். ப்ராம்ப்ட்டைச் சொந்தமாக எழுதியவர்கள், கிளைக்கு ஒரு கிட், மாற்றத்துக்கு ஒரு கிட் என்று தனித்தனியாக அழைக்க வேண்டாம். இந்த ஒன்றே எல்லாம் தரும்:

கிட் --நோ-ஆப்ஷனல்-லாக்ஸ் ஸ்டேட்டஸ் --போர்சலின்=வி2 --பிராஞ்ச்

நடுவில் உள்ள ‘நோ-ஆப்ஷனல்-லாக்ஸ்’ஐ விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், இன்னொரு ஜன்னலில் நீங்கள் கமிட் செய்யும் நேரத்தில் ப்ராம்ப்ட் குறுக்கே வந்து பூட்டுப் போட்டுவிடக்கூடும்.