வெலிங்டன் டியூக்கைப் பற்றி எழுதுவோர் செய்யும் தவறுகள்

வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற பிரிட்டிஷ் தளபதியும் பின்னாளில் வெலிங்டன் டியூக் ஆனவருமான ஆர்தர் வெல்லெஸ்லியைப் பற்றிய கட்டுரைகளில் வரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வருபவை. எந்த ஆண்டில் அவருக்கு என்ன பெயர், என்ன பதவி என்று பார்க்காமலே எழுதிவிடுகிறார்கள்.

முதலில் அண்ணன், தம்பி குழப்பம். 1798 முதல் 1805 வரை இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் அண்ணன் ரிச்சர்ட். நம் பாடப்புத்தகத்தில் வரும் துணைப்படைத் திட்டம் அவருடையது. ஆர்தர் அப்போது படை அதிகாரி. மூலநூலில் வெறுமனே 'வெல்லெஸ்லி' என்று இருந்தால், பேசப்படுவது அரசாணையா போர்க்களமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

'திப்புவை வென்ற வெலிங்டன்' என்பது அடுத்த பிழை. 1799இல் வேலூரில் திரண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கிப் புறப்பட்ட படைக்குத் தலைமை தளபதி ஜார்ஜ் ஹாரிஸ். மே 4 அன்று கோட்டைக்குள் பாய்ந்த படையை நடத்தியவர் டேவிட் பேர்ட். முன்பு அதே ஊரில் கைதியாகக் கிடந்தவர். ஆர்தர் அன்று பின்னணிப் படையோடு இருந்தார். மறுநாள் நகரின் பொறுப்பு பேர்டுக்குப் போகாமல் ஆர்தருக்குப் போனது. பேர்ட் இதை மறக்கவே இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு, ஏப்ரல் 5 இரவில், சுல்தான்பேட்டைத் தோப்பில் ஆர்தர் தோற்றதையும் விட்டுவிடக் கூடாது. வாய்க்கால்கள் குறுக்கிட்ட தோப்புக்குள், முன்கூட்டி வேவு பார்க்காமல், இருட்டில் படையை நுழைத்தார். வீரர்கள் திசை தெரியாமல் சிதறினார்கள், சிலர் பிடிபட்டார்கள். அவருக்கும் முழங்காலில் லேசான அடி. மறுநாள் பகலில், கூடுதல் படையோடு போய்த்தான் தோப்பைப் பிடித்தார். இந்திய வாழ்க்கையில் அவர் பெயர் சொல்லும் வெற்றி 1803 செப்டம்பர் 23 அன்று மராத்தியருக்கு எதிராக அசாயேயில் கிடைத்தது.

குன்னூர் பக்கத்து வெலிங்டனுக்கு அவர் பெயர் வைத்திருப்பதால், நீலகிரியில் தங்கி ஓய்வெடுத்தார் என்றும் எழுதுகிறார்கள். அவர் 1805இல் இந்தியாவை விட்டே போய்விட்டார். அங்கே ஆங்கிலேயர் குடியேற வழிவகுத்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி ஏறியதே 1819இல்தான்.

பட்டங்களில் இன்னும் கவனம் தேவை. 1804 வரை வெறும் ஆர்தர் வெல்லெஸ்லி, அதன்பின் சர். பிறகு பிரபுப் பட்டங்கள், கீழிருந்து மேலாக: 1809இல் வைகவுண்ட் வெலிங்டன். 1812இல் முதலில் ஏர்ல், அதே ஆண்டிலேயே மார்க்வெஸ். 1814இல்தான் டியூக். ஆகவே அசாயேயில் போரிட்டவரை 'வெலிங்டன் பிரபு' என்பது பிழை. ஏர்லின் மகன் என்பதால் பிறப்பிலேயே பிரபுக்கள் சபை உறுப்பினர் என்பதும் பிழைதான்: 1790இல் அயர்லாந்து மக்கள் சபையில் டிரிம் தொகுதிக்கும், 1806இல் லண்டன் மக்கள் சபையில் ரை தொகுதிக்கும் உறுப்பினராக இருந்தார். பிரபுப் பட்டம் வந்தபிறகும் போர்முனையிலேயே இருந்ததால், பிரபுக்கள் சபையில் அவர் முதன்முதலாக அமர்ந்தது 1814 ஜூனில். அன்று நான்கு பட்டங்களையும் வழங்கிய ஆணைகளை ஒரே மூச்சில் வாசித்தார்கள்.

படிப்படியாக உழைத்து லெப்டினன்ட் கர்னல் ஆனார் என்று எழுதாதீர்கள். அக்காலத்தில் அந்தப் படிநிலை வரை பதவிகள் விலைக்குக் கிடைத்தன. 1793இல் அண்ணனிடம் கடன் பெற்று அந்தப் பதவியை வாங்கினார்.

1815இல் வாட்டர்லூவில் அவர் நடத்திய படையை 'ஆங்கிலேயப் படை' என்று சுருக்குவதும் தவறு. அதில் பிரிட்டிஷ் வீரர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் டச்சு, பெல்ஜிய, ஜெர்மானிய வீரர்கள். மாலையில் தளபதி புளூகரின் பிரஷ்யப் படை வந்து சேர்ந்ததைச் சொல்லாமல் அந்த வெற்றியை விளக்கவே முடியாது.

பிரிட்டிஷ் பிரதமராக 1828 முதல் 1830 வரை இருந்ததை மட்டும் குறித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். 1834இல், அடுத்துப் பிரதமராக வேண்டிய ராபர்ட் பீல் இத்தாலியிலிருந்து திரும்பும்வரை, சுமார் மூன்று வாரம் மீண்டும் அந்தப் பொறுப்பில் இருந்தார்.