கர்ப்பிணிகள் உதவி மையத்தில் தொற்றுத் தடுப்பு: வாசலில் தொடங்கி விளையாட்டு மூலை வரை

ரத்த அழுத்தம், எடை, விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, உட்காரவைத்துப் பேசுவது. மையத்தின் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் ஒருவர் எழுந்த நாற்காலியில் அடுத்தவர் உட்காருகிறார், அதே ரத்த அழுத்தப் பட்டை அடுத்த கையில் ஏறுகிறது.

1. வாசலிலேயே கேளுங்கள்

காய்ச்சல், இருமல், உடம்பில் தடிப்பு உண்டா என்று வரும்முன் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. காய்ச்சலோடு தடிப்பும் இருந்தால் காத்திருப்பு அறைக்குள் விடாதீர்கள். மாஸ்க் கொடுத்துத் தனியே உட்காரவைத்து, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி அனுப்புங்கள். தட்டம்மைக் கிருமி, ஆள் போன பிறகும் 2 மணி நேரம் வரை அறைக்காற்றில் இருக்கும். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். அதனால்தான் பதிவேட்டில் வந்த நேரம், போன நேரம் இரண்டும் வேண்டும். யாரோடு யார் இருந்தார் என்று பிறகு தேட வேறு வழியில்லை.

2. கை

சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி. சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அழுக்குக் கையில் அது எடுபடாது. பெரும்பாலும் விட்டுப்போவது கட்டைவிரலும் விரல் நுனிகளும். கையுறையைக் கழற்றியதும் கை கழுவ வேண்டும்.

3. ஊசி

லான்செட் (விரலில் குத்தும் சிறு ஊசி) ஒருவருக்கு ஒன்று. பேனா வடிவக் கருவியில் ஊசியை மட்டும் மாற்றிப் பலருக்குப் பயன்படுத்தாதீர்கள். கருவியில் ஒட்டிய ரத்தம் கண்ணுக்குத் தெரியாது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவ அது போதும். ஊசிப் பெட்டி முக்கால் நிறைந்ததும் மூடிவிடுங்கள்.

4. ப்ளீச் கரைசல்

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். பாட்டிலில் குளோரின் 5 சதவீதம் என்று இருந்தால்:

- மேசை, நாற்காலி, கைப்பிடிக்கு: 20 மி.லி. ப்ளீச், 980 மி.லி. தண்ணீர்.
- ரத்தம் சிந்திய இடத்துக்கு: 100 மி.லி. ப்ளீச், 900 மி.லி. தண்ணீர்.

முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள். ரத்தமானால் கையுறையோடு காகிதத்தில் ஒற்றியெடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். பிறகு கரைசலைப் பூசி 10 நிமிடம் ஈரமாகவே விடுங்கள். பூசிய கையோடு உலரத் துடைத்தால் வாசனை மட்டும்தான் மிஞ்சும். குளிர்ந்த தண்ணீரில் தினமும் புதிதாகக் கலக்குங்கள். நேற்றைய கரைசலுக்கு வீரியம் குறைவு. கழிவறை ஆசிட்டோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். ஜன்னலைத் திறந்துவைத்துக் கலக்குங்கள். அந்த வேலையைக் கர்ப்பிணித் தன்னார்வலரிடம் கொடுக்க வேண்டாம்.

5. விளையாட்டு மூலை

அம்மாவோடு வரும் மூத்த குழந்தை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் எச்சிலிலும் சிறுநீரிலும் சைட்டோமெகலோ வைரஸ் இருக்கக்கூடும். கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையின் காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம். பஞ்சு பொம்மைகளை எடுத்துவிடுங்கள். வாயில் வைத்த பிளாஸ்டிக் பொம்மைக்குத் தனி வாளி வையுங்கள்: சோப்பு, மேலே சொன்ன 20 மி.லி. கரைசல், நல்ல தண்ணீர், காயவைத்தல். டயப்பர் மாற்றியதும் கை கழுவவும், குழந்தை சாப்பிட்ட கரண்டியில் சாப்பிடாமல் இருக்கவும், உதட்டில் அல்ல, நெற்றியில் முத்தமிடவும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

6. பணியாளர் தடுப்பூசி

ஹெபடைடிஸ் பி, எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போட்டதற்கான பதிவை வேலையில் சேரும்போதே கேளுங்கள். எம்எம்ஆர் கர்ப்ப காலத்தில் போடக் கூடாது, போட்ட பின் 1 மாதம் கருத்தரிப்பையும் தள்ளிப்போட வேண்டும். ஃப்ளூ ஊசிக்கு அந்தத் தடை இல்லை.