பழைய பென்ஸில் புது செட் மாட்டும் முன்

எங்கள் பெரியப்பா ஆம்பூரில் தோல் வியாபாரம் செய்தவர். அவர் ஆசையாக வாங்கிய 1996 மாடல் பென்ஸ் இ 220 இப்போது சத்துவாச்சாரியில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. இந்த மாதிரிப் பழைய வண்டியில் புளூடூத் செட் மாட்ட நினைப்பவர்களுக்கு முதலில் சொல்வது ஒன்றுதான்: கம்பெனி ஒயரில் கத்தரி படக் கூடாது.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. ஒரு கடையில் விட்டேன். பழைய செட்டின் பின்னால் ஒயர்கள் சேரும் சாக்கெட்டை வெட்டிப் போட்டுவிட்டு, ஒயரை முறுக்கிக் கருப்பு டேப் சுற்றிக் கொடுத்தார்கள். வேலூர் கத்திரி வெயிலில் டேப்பின் பசை இளகி, ஒயர்கள் ஒன்றோடொன்று உரசி ஃபியூஸ் போனது. அப்புறம் முழுவதையும் பிரித்து நானே செய்தேன்.

செட் வாங்கும்போது ‘ஒற்றை டின்’ (DIN) என்ற கார் செட் அளவிலேயே வாங்குங்கள், 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். பெரிய திரைக்காக டேஷ்போர்டை அறுத்தால் அந்த மர பேனலின் அழகு திரும்ப வராது. ஒயரை வெட்டாமல் இணைக்கும் அடாப்டர், சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும்.

பழைய செட்டுக்கு ரகசிய எண் இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு, பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். செட்டின் முகப்பில் இருக்கும் துளைகளில் அதற்கான சாவிகளைச் செருகி இழுத்தால் வந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் மரம் விரிசல் விடும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். பேட்டரியை மீண்டும் இணைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். வண்டிச் சாவி போடாமலே 12 வோல்ட் காட்டும் ஒயரோடு செட்டின் மஞ்சள் சேர வேண்டும். சாவியைத் திருப்பினால் மட்டும் காட்டுவது சிவப்புக்கு. இரண்டும் இடம் மாறினால், வண்டியை அணைக்கும்போதெல்லாம் ஸ்டேஷன் மறந்துபோகும். இரண்டையும் எப்போதும் கரண்ட் வரும் ஒயரில் கொடுத்தால் பேட்டரி இறங்கிவிடும்.

பார்த்து முடித்ததும் மைனஸை மறுபடி கழற்றிவிட்டு இணையுங்கள். அடாப்டருக்கும் புது செட்டுக்கும் நடுவில்தான் இணைப்பு. சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கிக் கவ்வும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு விடுங்கள்.

ஸ்பீக்கர்: வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கருப்புக் கோடு போட்டது மைனஸ். அந்த மைனஸ் எதுவும் பாடியில் படக் கூடாது, பட்டால் செட்டின் ஆம்ப்ளிஃபையர் போய்விடும். பழைய வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கர் மைனஸ்களை ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். அப்படி இருந்தால் தனித்தனியாகப் புது ஒயர் இழுங்கள்.

நீல ஒயரை ஆன்டெனா மோட்டாருக்குக் கொடுங்கள். எனக்கு முதலில் அது விட்டுப்போய் கம்பி மேலே எழும்பவில்லை, எஃப்எம் இரைந்தது.

முடித்ததும் காட்பாடி ரோட்டில் ஒரு சுற்றுப் போனேன். ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம். கருப்பு எர்த் ஒயரைப் பெயின்ட் பூசிய இடத்தில் மாட்டியிருந்தேன். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கியதும் நின்றது.

பெரியப்பாவின் பழைய செட்டை அதன் சாவிகளோடு துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். வெட்டாத சாக்கெட் இருந்திருந்தால் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்ப மாட்டலாம். இப்போது அந்தச் சாக்கெட்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.