கோடையில் நீலகிரியில் முதல்முறை தூண்டில் போடப்போகிறீர்களா? முதலில் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள்

மே மாதம் ஊட்டிக்கு வருகிற கூட்டத்தில் யாராவது ஒருவர் கார் டிக்கியில் தூண்டில் கோலையும் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார். கீழே கோயம்புத்தூர் வெயிலில் வெந்துகொண்டிருக்கும், மேலே குளுகுளுவென்று இருக்கும், அணையில் மீனும் இருக்கும், அப்புறம் என்ன என்ற நினைப்பு. நினைப்பில் பாதி சரி. நமக்குக் குளிர்ச்சியாகத் தெரிகிற அதே தண்ணீர் மீனுக்கு மூச்சுமுட்டுகிற தண்ணீராக இருக்கலாம், அது தெரியாமல் கரையில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் தக்கை அசையாது. அதனால் கோல், ரீல் கதையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வேறு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதல் வேலை: அனுமதி

நீலகிரியில் மீன் பிடிக்கக் கட்டுப்பாடு என்பது நேற்று வந்தது இல்லை. 1879-லேயே இங்கே வேட்டைக்கும் மீனுக்கும் சேர்த்துத் தனிச் சட்டம் போட்டார்கள். இன்றைக்கு நிலைமை இன்னும் இறுக்கம், அது நல்லதுதான். அவலாஞ்சி, மேல் பவானி, பார்சன்ஸ் வேலி என்று இணையத்தில் படம் பார்த்து ஆசைப்படுகிற இடங்கள் காட்டுக்குள் இருக்கின்றன, அங்கே வனத்துறை சொல்வதுதான் முடிவு. முக்கூர்த்தி தேசியப் பூங்கா எல்லைக்குள் தூண்டில் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். எமரால்டு, அவலாஞ்சி போன்றவை குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள், ஆகவே மின்வாரியமும் நடுவில் வரும்.

எனவே கிளம்பும் முன்பே ஊட்டி மீன்வளத்துறை அலுவலகத்தில் எந்த நீர்நிலையில் இப்போது அனுமதி தருகிறார்கள், எந்த மாதம் மூடுகிறார்கள், எத்தனை மீன் எடுக்கலாம் என்று கேட்டு, சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல்முறை என்றால் நான் சொல்வது, தனியார் எஸ்டேட்டுக்குள் இருக்கிற குளம். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம். கூடாரம் போடுவதும் அப்படித்தான்: அனுமதி பெற்ற தனியார் இடத்தில் மட்டும். காட்டோரம் எங்கேயாவது போட்டுக்கொள்ளலாம் என்று இறங்கினால் அபராதத்தைவிடப் பெரிய பிரச்சினை காட்டு மாடும் கரடியும். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து பக்கத்தில் இருந்தால் அவர்களைக் கேட்காமல் அந்த வழியாக நடக்கவும் வேண்டாம். மலைக்கு வர இ-பாஸ் எடுக்கும் முறை 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது, அதையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

இரண்டாவது: எந்த மீன் என்று முடிவுசெய்யுங்கள்

நீலகிரி என்றதும் எல்லோரும் ட்ரவுட் என்பார்கள். 1860-களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் அதை இங்கே கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் வந்து பாடுபட்ட பிறகுதான் வானவில் ட்ரவுட் இங்குள்ள ஓடைகளில் நிலைத்தது, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் வந்தது. குளிர்ந்த நாட்டு மீன். 10 முதல் 16 டிகிரி வரையான தண்ணீரில்தான் அதற்கு உற்சாகம், 20 டிகிரியைத் தொட்டால் திணற ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று சாதா கெண்டை. இதன் ஜெர்மன் வகை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது, உடம்பில் அங்கங்கே மட்டும் பெரிய செதில் பளபளக்கும் கண்ணாடிக் கெண்டையும் அதில் சேர்த்தி. 18 முதல் 25 டிகிரி வரை இதற்குப் பசி நன்றாக இருக்கும். கோடையில் புதிதாகப் பழகுகிறவருக்குக் கெண்டைதான் சரி, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வலுவாக இழுக்கும், மாவு உருண்டைக்கே வரும், கொஞ்சம் சூட்டையும் தாங்கும்.

மூன்றாவது: தெர்மாமீட்டர்

மீன்தொட்டிக் கடையில் கிடைக்கிற சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். நூலில் கட்டி, ஒரு ஈயக் குண்டைச் சேர்த்து, ஒரு மீட்டர் ஆழத்தில் இரண்டு நிமிடம் விட்டு, எடுத்த உடனே பாருங்கள். கரையோரம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் பார்த்தால் வெயில் சூடுதான் காட்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும். கடல்மட்டத்தில் 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும், 20 டிகிரியில் 9 மில்லிகிராம்தான். ஊட்டி இருப்பதோ சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் குறைவு என்பதால் அதிலும் ஏறக்குறைய கால் பங்கு கழிந்துவிடும். அதாவது ஒரே சூட்டில் இருந்தாலும் சமவெளிக் குளத்தைவிட மலைக் குளத்தில் மீனுக்குக் கிடைக்கும் மூச்சு குறைவு. சூடு ஏறினால் மீனின் உடம்பு கூடுதல் ஆக்ஸிஜன் கேட்கும், தண்ணீரிலோ அது குறைந்திருக்கும், இரண்டுக்கும் நடுவில் அது மாட்டிக்கொள்ளும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது, மலைதானே என்ற அசட்டை இனி செல்லாது.

அதனால் எனக்கு ஒரே விதி: தண்ணீர் 19 டிகிரியைத் தாண்டினால் ட்ரவுட்டுக்குத் தூண்டில் போடுவதில்லை. பிடித்துவிட்டுத் திரும்ப விட்டாலும் அந்தச் சூட்டில் அது பிழைப்பது கடினம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கியாகிவிட்டது என்பதற்காக நீங்களும் போடாதீர்கள்.

நான்காவது: நேரமும் இடமும்

அமெரிக்காவில் அரிசோனா, நெவாடா பாலைவனத்தில் கோடை விடுமுறைக்குக் கூடாரம் போட்டு லேக் மீட், லேக் ஹவாசு மாதிரியான நீர்த்தேக்கங்களில் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பாஸ் வெதுவெதுப்பான தண்ணீரை விரும்புகிற மீன்தான், ஆனாலும் அங்கே விடியலுக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும்தான் அது கரையோரம் இரை தேடி வரும். நடுப்பகலில் ஆழத்துக்கோ பாறை நிழலுக்கோ போய்விடும், பிடிக்கிறவர்களும் நிழலுக்குப் போய்விடுவார்கள். நம் மலையில் மீன் வேறு, சூட்டின் அளவு வேறு, ஆனால் கணக்கு அதேதான்.

தெளிந்த, ஆழமான அணைத் தண்ணீராக இருந்தால் விடியற்காலை முதல் எட்டு, எட்டரை வரை நல்ல நேரம். மாலை நாலரைக்கு மேல் இருட்டும் வரை இரண்டாவது. ஆனால் பாசியும் களையும் அடர்ந்த சின்ன எஸ்டேட் குளத்தில் கதை மாறும். பகலில் செடிகள் ஆக்ஸிஜனை வெளியிடும், இரவெல்லாம் அவையும் சுவாசித்துச் செலவழிக்கும், ஆகவே விடியும் நேரத்தில்தான் அங்கே ஆக்ஸிஜன் மிகக் குறைவாக இருக்கும். கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் பசி என்று நினைத்து வீசாதீர்கள், அவை காற்றுக்குத் தவிக்கின்றன. வெயில் ஏறி ஒன்றிரண்டு மணி நேரம் போகட்டும்.

இடத்துக்கு வருவோம். ஓடை வந்து சேருகிற வாய் முதல் தேர்வு, அங்கே தண்ணீர் குளிர்ச்சி, இரையும் அடித்துக்கொண்டு வரும். அடுத்து, காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறதோ அந்தக் கரை. அலை அடிப்பதால் காற்று கலக்கும், மிதக்கிற பூச்சியெல்லாம் அங்கேதான் ஒதுங்கும். முகத்தில் காற்றடித்து வீசுவது கொஞ்சம் சிரமம், அதற்காகப் பின்கரைக்குப் போய்விடாதீர்கள். சோலை மரம் சாய்ந்து நிழல் விழுகிற ஓரமும் நல்லது. பகலில் ஆழம் தேடலாம், ஆனால் ஒரேயடியாக அடியாழத்துக்குப் போட்டுப் பயனில்லை. பெரிய நீர்த்தேக்கத்தில் கோடையில் மேல்தண்ணீர் சூடாகவும் அடித்தண்ணீர் குளிராகவும் தனித்தனி அடுக்காகப் பிரிந்து நின்றுவிடும், அந்த அடியில் பல சமயம் ஆக்ஸிஜனே இருக்காது. இரண்டுக்கும் நடுவில் தேடுங்கள்.

ஐந்தாவது: கோல், நரம்பு, முள்

ஆறு அல்லது ஏழு அடி ஸ்பின்னிங் கோல், 2500 அளவு ரீல், கெண்டைக்குப் பத்து பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பு, அதாவது தூண்டில் நூல். இதற்குமேல் வாங்க வேண்டாம். மெல்லிய நரம்பில் நெடுநேரம் விளையாட்டுக் காட்டிப் பிடிப்பதுதான் திறமை என்பார்கள், கோடையில் அது மீனைக் கொல்கிற வேலை. போராடப் போராட அதன் தசை களைத்துப்போய், மீண்டுவர ஆக்ஸிஜன் போதாமல் போய்விடும். கெட்டியான நரம்பு போட்டுச் சீக்கிரம் கரை சேருங்கள்.

8 அல்லது 10-ஆம் எண் தூண்டில் முள். நுனிக்குக் கொஞ்சம் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சின்ன முனையைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிவிடுங்கள், கழற்றுவது சுலபம், உங்கள் விரலில் ஏறினாலும் சுலபம்.

முடிச்சு இப்படி. நரம்பை முள்ளின் காதுக்குள் விட்டு, நுனியை மூல நரம்பின் மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். காதை ஒட்டி ஒரு சின்ன வளையம் நிற்கும், நுனியை அதற்குள் விடுங்கள். இப்போது பெரிய வளையம் ஒன்று உருவாகியிருக்கும், அதற்குள்ளும் விடுங்கள். எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்குங்கள், நனைக்காமல் இழுத்தால் உராய்கிற சூட்டிலேயே நரம்பு பலம் இழக்கும். வீட்டிலேயே பழகிவிட்டு வாருங்கள், விடியற்காலைக் குளிரில் விரல் சொன்னபடி கேட்காது.

ஆறாவது: இரை, வீச்சு

கோதுமை மாவில் பொடித்த கடலைப் புண்ணாக்கைக் கலந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். முள்ளில் ஒட்டி நிற்க வேண்டும், பத்து நிமிடத்தில் மெல்லக் கரையவும் வேண்டும். மண்புழுவும் நன்றாக எடுபடும். உயிர்மீனை இரையாகச் சமவெளியிலிருந்து கொண்டுவராதீர்கள். தப்பித்துப்போகும் ஒரு ஜோடி போதும், இந்தத் தண்ணீரில் இல்லாத இனம் ஒன்று பரவிவிடும்.

தக்கையை வைத்து ஆழம் சரிசெய்யுங்கள்: முள்ளில் ஈயக் குண்டை மாட்டி வீசிப் பாருங்கள், தக்கை முழுகினால் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவில் விட்ட நரம்பு போதவில்லை, படுத்துக்கொண்டால் அதிகம். கெண்டை தரையை மேய்கிற மீன், ஆகவே இரை தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். வீசிய இடத்திலேயே இரண்டு மூன்று கைப்பிடி மாவையும் தூவி, சத்தமில்லாமல் காத்திருங்கள். தக்கை முதலில் லேசாக நடுங்கும், அப்போது இழுக்காதீர்கள். ஒரு பக்கமாக நகர்ந்து அமுங்கும்போது கோலை உறுதியாகத் தூக்குங்கள், வெடுக்கென்று இழுக்க வேண்டியதில்லை.

ஏழாவது: மீன் கையில் வந்ததும்

கையை நனைத்த பிறகுதான் தொட வேண்டும். உலர்ந்த கையும் துணியும் அதன் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும், அதுதான் அதற்கு நோய்த்தடுப்பு. வெயிலில் காய்ந்த பாறையில் ஒரு நொடிகூடப் போடாதீர்கள். படம் எடுப்பதென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, பத்து நொடிக்குள் முடித்துவிடுங்கள். விடும்போது தண்ணீருக்குள்ளேயே நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, வாலை ஆட்டி அதுவாகவே கையிலிருந்து நழுவிப் போகும் வரை காத்திருக்க வேண்டும்.

சாப்பிடத்தான் என்றால் அனுமதித்த அளவுக்கு மட்டும் எடுத்து, தாமதிக்காமல் கொன்று, செவுளை அறுத்து ரத்தத்தை வடித்து, குடலை எடுத்து ஐஸில் வையுங்கள். கெண்டையில் சேற்று வாடை இருக்கும். தோலை உரித்து, உப்பும் எலுமிச்சையும் தடவி அரை மணி நேரம் வைத்துக் கழுவினால் பெருமளவு போய்விடும். ஒய் வடிவ முட்கள் நிறைய, குழந்தைகளுக்குப் பார்த்துக் கொடுங்கள்.

உங்கள் உயிர்

இதைக் கடைசியில் வைத்தாலும் இதுதான் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் கோடை மழை திடீரென்று கட்டும். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும், இடிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே கோலைக் கீழே படுக்கவைத்துவிட்டுத் தண்ணீரை விட்டு விலகி, காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள், மரத்தடி கூடாது. அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவே வேண்டாம், மின்உற்பத்திக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல முடியாது. நீர்மட்டம் இறங்கிக் காய்ந்த மாதிரி தெரியும் அணைக்கரை மேலே மட்டும்தான் காய்ந்திருக்கும், உள்ளே முழங்கால் அளவு சேறு, கம்பால் குத்திப் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். உயரம் கூடினால் புற ஊதாக் கதிரும் கூடும், குளிர்காற்றில் உறைக்காது, சாயந்திரம் கழுத்து எரியும்போதுதான் தெரியும். தொப்பி, முழுக்கைச் சட்டை, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு இங்கே தடை. ராத்திரிக்கு ஸ்வெட்டரும் வேண்டும்.

கிளம்பும்போது அறுந்த நரம்புத் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள், அது பறவையின் காலில் சுற்றிக்கொண்டால் அவிழாது. வேறொரு நீர்நிலைக்குப் போவதாக இருந்தால் வலை, செருப்பு, தக்கை எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு போங்கள். ஈரத்தோடு போனால் இந்தக் குளத்துப் பாசியும் நோயும் அந்தக் குளத்துக்குச் சேர்ந்துவிடும்.